அன்னாசி ஆலையில் அன்றாடம் கணக்குப் பார்த்தவர்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஓர் ஒப்படைப்பு தந்தார்கள். சிறு வணிகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் போட்டியாளர்களை ஆராய்ந்து, அது நிலைத்து நிற்க வழி சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் நான்கு பேர். எந்தக் கடையை எடுப்பது என்று நாங்கள் அலையவே இல்லை. என் தாய்மாமா எங்கள் வட்டாரத்தில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் பல ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வந்தார். அதற்கு நேர் எதிரே குளிர்சாதன வசதியுடன் ஒரு சிற்றங்காடி அப்போதுதான் திறந்திருந்தது. இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா?

எதிர்க் கடைக்குள் போய் விலைகளைக் கைப்பேசியில் படம் பிடித்தோம். பலம், பலவீனம், வாய்ப்பு, மிரட்டல் என்று நான்கு கட்டம் வரைந்து நிரப்பினோம். அவர்கள் விலைக்கு மாமாவும் இறங்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. படித்த பிள்ளைகள் சொல்கிறார்களே என்று மாமா நம்பினார். எண்ணெய், பால்மாவு, மைலோ, சீனி என 20 பொருள்களின் விலையைக் குறைத்தார். எங்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அடுத்த ஆண்டே மாமா கடையை மூடினார்.

அலமாரிகளைக் கழற்றிய அன்று நான் உதவிக்குப் போயிருந்தேன். எந்தச் சாமானில் காசு போச்சுன்னு உனக்காவது தெரியுமாப்பா என்று மாமா சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எதிர்க் கடையின் விலைப் பட்டியல் முழுவதும் எங்களிடம் இருந்தது. ஆனால் மாமாவின் கடையில் எது லாபம் தருகிறது, எது லாபத்தைத் தின்கிறது என்பதை நாங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. அவருக்கும் அது ஆண்டு முடிவில் கணக்கர் சொன்னால்தான் தெரியும்.

அந்தக் கேள்வி மனத்தில் கிடந்த நேரத்தில்தான் டான் கா கீயைப் படித்தேன். சிங்கப்பூர் மாணவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். புக்கிட் தீமா சாலையில், 2015 டிசம்பரில் திறக்கப்பட்ட டௌன்டவுன் ரயில் நிலையம் ஒன்றுக்கு அவர் பெயர்தான். வேலைக்குப் போகும் வழியில் நானும் அதைத் தினமும் கடக்கிறேன். பள்ளிகள் கட்டிய கொடை வள்ளல் என்றுதான் அவரைப் பலர் அறிவார்கள். அந்தப் பணம் எப்படி வந்தது, பிறகு எப்படிப் போனது என்பதை நான் கல்லூரியில் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

டான் கா கீ 1874-இல் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில், சியாமென் நகருக்கு அருகே ஜிமெய் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். தந்தை சிங்கப்பூரில் அரிசி வணிகர். பிள்ளை ஊரில் தாயிடம் வளர்ந்து 1890-இல், பதினாறு வயதில், தந்தையின் அரிசிக் கடையில் வேலை கற்கக் கப்பலேறினார். அக்காலத்து வணிகப் பள்ளி கடைதான். சரக்கு எப்போது வரும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் எப்படிப் பேசி வசூலிக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் அவருக்குப் பழகியது. மெல்ல மெல்லக் கடையின் நிர்வாகமும் கைக்கு வந்தது. இடையிடையே திருமணத்துக்கும், பின்னர் தாயின் இறுதிக் கடன்களுக்கும் ஊருக்குப் போய் வந்தார்.

1903-இல் அப்படித் திரும்பி வந்தபோது அவர் விட்டுப்போன கடை அங்கில்லை. கட்டடம் இருந்தது, சரக்கும் ஓரளவு இருந்தது. ஆனால் கவனிப்பாரில்லாமல் பணம் குடும்பத்துக்குள்ளேயே கரைந்து, கடன் 2 லட்சம் வெள்ளிக்கு மேல் போயிருந்தது. அக்காலத்தில் அது மலையளவு தொகை. தந்தையின் தொழில் முடிந்தது.

தந்தையின் கடனுக்கு மகன் பொறுப்பேற்க வேண்டும் என்று அன்றைய சட்டம் சொல்லவில்லை. அவர் கையை உதறிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தாமே அடைப்பதாக அவர் கடன் கொடுத்தவர்களிடம் ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில், 1907 வாக்கில், அவர்களோடு பேசி முடித்த தொகையைக் கொடுத்துத் தீர்த்தார். முதலில் இதை நல்லொழுக்கக் கதையாக மட்டுமே படித்தேன். பிறகு யோசித்தபோது வேறொன்றும் தோன்றியது. சரக்கு முதல் சர்க்கரை வரை வாய்ச்சொல்லின்மேல் கடனாகக் கைமாறிய ஊர் அது. அங்கே சட்டம் கேட்காத கடனையும் அடைத்தவன் என்ற பெயர் ஒருவருக்கு எத்தனை கதவுகளைத் திறந்திருக்கும்! அதற்காகத்தான் அடைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலில்லாத ஒருவருக்கு அந்தப் பெயரே முதலாக இருந்திருக்கும்.

1904-இல், திரட்டிய ஏறத்தாழ 7,000 வெள்ளியோடு செம்பவாங்கில் ஓர் அன்னாசிப் பழ ஆலையைத் தொடங்கினார். பழத்தைத் தோல் சீவி, வெட்டி, சர்க்கரைப் பாகோடு தகர டின்னில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழில் அது. அன்றைய சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் அன்னாசி ஏராளம். ஆலைகளும் ஏற்கெனவே பல இருந்தன. எல்லாரும் பழத்தை அதே தோட்டக்காரர்களிடம் வாங்கினார்கள், அதே ஐரோப்பிய ஏஜென்சி நிறுவனங்களிடம் விற்றார்கள். தகரமும் சர்க்கரையும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. இப்படி எல்லாம் நிரம்பியிருக்கும் சந்தையில், குறைந்த முதலோடு புதிதாக வந்து சேர்ந்தவர் அவர். இந்த நிலையை எங்கள் நான்கு கட்டத்தில் எழுதியிருந்தால் பலம் என்ற கட்டம் காலியாகத்தான் இருந்திருக்கும்.

டின்னில் அடைத்த அன்னாசி ஒரே சரக்கு அல்ல. எப்படி வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது பல வகைப்படும். பெரும்பாலான வாங்குவோர் சில பொது வகைகளையே கேட்டார்கள். எல்லா ஆலைகளும் அவற்றைத்தான் மலை மலையாகச் செய்தன. ஒரே வெட்டு, ஒரே டின் என்றால் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சரக்கில்தான் விலைப் போட்டியும் கடுமை. இவற்றைத் தவிர, வேறு வடிவங்களிலும் அளவுகளிலும் கேட்டுச் சின்னச் சின்ன ஆர்டர்கள் வரும். அவற்றுக்கு விலை கூடுதல். ஆனால் வெட்டுவோரை மாற்ற வேண்டும், கத்தியையும் டின்னையும் மாற்ற வேண்டும், தொழிலாளிக்குப் புதிதாகச் சொல்லித் தரவும் வேண்டும். யார் இந்தத் தொல்லைக்குப் போவார்கள் என்று மற்ற ஆலைக்காரர்கள் அவற்றை ஒதுக்கினார்கள்.

டான் கா கீ ஐரோப்பிய ஏஜென்சி நிறுவனங்களுக்கு நாள்தோறும் தாமே போய் வந்தார். வெளிநாட்டிலிருந்து என்ன தந்தி வந்திருக்கிறது, எந்த வகை கேட்கிறார்கள் என்று விசாரிப்பார். மற்றவர்கள் ஒதுக்கிய உதிரி ஆர்டர்களையெல்லாம் எடுத்துக்கொண்டார். மொத்த வணிகத்தில் அது சிறு பங்குதான். ஆனால் பலரால் பங்கு போடப்படும் பெரிய பங்கைவிட, ஒருவருக்கே கிடைக்கும் சிறு பங்கு லாபமாக இருந்தது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மாமாவின் கடையில் வெள்ளிக்கிழமை வாழை இலை கிடைக்கும். வெற்றிலை, மல்லிகைச் சரம், பூசைக்கு உடைந்துபோகாத சூடம், ஊறுகாய்க்கு மாவடு, ஒரே ஒரு முருங்கைக்காய் வேண்டுமென்றாலும் முருங்கைக்காய், எல்லாமே கிடைக்கும். அரிசி மூட்டையைப் பன்னிரண்டாம் மாடிப் பாட்டி வீட்டுக்கு மாமாவே தூக்கிக்கொண்டு போவார். எதிர்க் கடையில் இவை எதுவும் இல்லை. அவர்கள் வைக்கவும் மாட்டார்கள். ஒவ்வொன்றும் தொல்லை பிடித்த வேலை. நாங்கள் மாமாவை எதில் போட்டி போடச் சொன்னோம்? எல்லாரும் விற்கிற மைலோவில்!

ஆலையில் அவர் செய்த இன்னொரு காரியம், மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். அன்னாசி ஒரு பருவப் பழம். பருவத்தில் வண்டி வண்டியாக வந்து குவியும். பழம் காத்திருக்காது, சில நாள்களில் அழுகிவிடும். அந்த அவசரத்தில் மற்ற ஆலைக்காரர்கள் வாங்கியும் அடைத்தும் அனுப்பியும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். பருவம் முடிந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். லாபமா நட்டமா என்பது அப்போதுதான் தெரியவரும். டான் கா கீயின் ஆலையில் ஒவ்வொரு நாளும் கணக்கு முடிந்தது. இன்று எத்தனை பழம் வந்தது, அதில் எத்தனை டின் ஆனது, நேற்றைவிடக் குறைந்ததா, குறைந்தால் ஏன்? பழம் சிறியதாக வந்திருக்கலாம், தோலைக் கனமாகச் சீவியிருக்கலாம், அழுகல் கலந்திருக்கலாம். அடுத்த நாளே திருத்திவிடலாம். மற்றவர்கள் பருவம் முழுதும் செய்த தவற்றை அவர் ஒரு நாள் மட்டும் செய்தார்.

போட்டியாளரை ஆராய்வது என்றால் எதிராளியை உற்றுப் பார்ப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் எதிராளியின் விலையைப் பார்த்த நேரத்தைவிட, எதிராளி எதைப் பார்க்காமல் விடுகிறார் என்பதில் செலவிட்ட நேரம்தான் அதிகம். மற்றவர்கள் உதிரி ஆர்டரைப் பார்க்கவில்லை, தங்கள் சொந்தத் தரையில் விழும் தோலையும் பார்க்கவில்லை.

முதல் பருவத்திலேயே போட்ட முதலைத் தாண்டி லாபம் வந்தது. அடுத்தடுத்து வேறு ஆலைகளும் அரிசிக் கடையும் சேர்ந்தன. அந்த ஆண்டுகளில் ஒரு புழுங்கல் அரிசி ஆலையிலும் இறங்கினார். நம்மவர்களுக்கு இது சுவையான செய்தி. நெல்லை ஊறவைத்து, அவித்து, வெயிலில் உலர்த்திக் குத்தும் அந்த அரிசியைச் சீனர்கள் அவ்வளவாக உண்பதில்லை. இந்தியர்களே அதன் வாடிக்கையாளர்கள். தாம் உண்ணாத அரிசியை, அதை உண்பவர் யார் என்று பார்த்து விற்றிருக்கிறார்.

அன்னாசிக்காக 500 ஏக்கர் காட்டு நிலத்தை 2,500 வெள்ளிக்கு வாங்கியிருந்தார். 1906-இல் அங்கே ஒரு மாற்றம். மலாக்காவில் முதன்முதலில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டவர்களில் ஒருவரான டான் சே யானிடம் 1,80,000 ரப்பர் விதைகளை 1,800 வெள்ளிக்கு வாங்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், விதை ஒன்று ஒரு காசு. அன்னாசி வரிசைகளுக்கு நடுவே அவற்றை ஊன்றினார். ரப்பர் பால் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை நிலத்தைச் சும்மா வைத்திருக்க வசதி உள்ளவர்களுக்குத்தான் அன்று ரப்பர். இவர் தோட்டத்திலோ அன்னாசி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள, அதன் நிழலோரம் ரப்பர் வளர்ந்தது. சில ஆண்டுகளில் அந்தத் தோட்டத்தை 3 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்றார். அந்தப் பணத்தில் மறுபடி நிலம், மறுபடி ரப்பர்.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. அன்னாசி டின் ஆடம்பரப் பொருளாகிவிட்டது. கப்பல்கள் படைக்குப் போய்விட்டதால் சரக்கு ஏற்ற இடமில்லை. கிடங்கில் டின்கள் தேங்கின. எல்லா ஆலைகளுக்கும் இதே கதி. கப்பல் கிடைக்கவில்லை என்று எல்லாரும் புலம்பியபோது, அப்படியானால் இப்போது விலை உள்ள சரக்கு கப்பல்தான் என்று அவர் முடிவு செய்தார். முதலில் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார், பிறகு இரண்டைச் சொந்தமாகவே வாங்கினார். அவற்றைப் பிரெஞ்சு அரசுக்கு வாடகைக்கு விட்டார். 1918-இல் இரண்டுமே மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. காப்புறுதித் தொகையாக ஏறத்தாழ 12 லட்சம் வெள்ளி வந்தது.

இதை நான் திறமைக் கணக்கில் எழுதமாட்டேன். நல்ல வேளை என்றுதான் சொல்ல வேண்டும். வாழ்க்கை வரலாறுகளில் நல்ல நேரத்தையும் உத்தி என்று எழுதிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் கப்பலுக்குக் காப்புறுதி எடுத்து வைத்திருந்தது நேரத்தால் நடந்தது அல்ல.

போர் நடக்கும்போதே அன்னாசி ஆலை ஒன்றை ரப்பர் ஆலையாக மாற்றியிருந்தார். அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்தன. சிறு தோட்டங்களின் ரப்பரை வாங்கி, பதப்படுத்தி, ஏஜென்சிகளிடம் மட்டும் நம்பி விடாமல் அமெரிக்க வாங்குவோருக்கு நேரடியாகவும் விற்றார். இடையில் நின்றவர்களின் பங்கு குறைந்தது. அதோடு, வெளிநாட்டுச் சந்தை எப்படி நகர்கிறது என்ற செய்தியும் அவருக்கு முன்னதாகவே எட்டியது. ஏஜென்சிக்கு ஓடித் தந்தி விசாரித்த பழைய வழக்கத்தின் பெரிய வடிவம்தான் இது.

1920-களில் அடுத்த படி. இங்கிருந்து போகும் ரப்பர் அங்கே டயராகவும் காலணியாகவும் மாறி, பலமடங்கு விலையில் இங்கேயே திரும்பி வருகிறது, அதை ஏன் இங்கேயே செய்யக்கூடாது என்று சிங்கப்பூரின் சும்பாவா சாலைத் தொழிற்சாலையில் இறங்கினார். ரப்பர் காலணி, டயர், மழைச் சட்டை, பொம்மை என்று மணிச் சின்னம் பொறித்த பொருள்கள் தென்கிழக்காசியா, சீனா முழுதும் அவருடைய சொந்தக் கிளைகளிலேயே விற்றன. 1923-இல் நன்யாங் சியாங் பாவ் என்ற சீன நாளிதழையும் தொடங்கினார். அதில் வணிகச் செய்தி வந்தது, அவருடைய பொருள்களின் விளம்பரமும் வந்தது. விளம்பரத்துக்காகத் தனியாக ஒரு பத்திரிகையே நடத்துவது அன்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

இத்தனைக்கும் அவர் பழைய துணி, எளிய சாப்பாடு என்று வாழ்ந்தவர். சம்பாதித்தது பள்ளிகளுக்குப் போனது. 1913-இல் பிறந்த ஊரான ஜிமெயில் தொடக்கப் பள்ளி, தொடர்ந்து அங்கேயே உயர்நிலை, ஆசிரியர் பயிற்சி, மீன்வளம் என்று பல. 1919-இல் சிங்கப்பூரில் சீன உயர்நிலைப் பள்ளி. ரயில் நிலையத்துக்கு வெளியே நீங்கள் பார்க்கும் ஹுவா சோங் கழகத்தின் தொடக்கம் அதுதான். 1921-இல் சியாமென் பல்கலைக்கழகம். ஒரு பல்கலைக்கழகத்தின் செலவைத் தனியொரு வணிகர் ஆண்டுக்கணக்கில் சுமப்பது எளிதில் நடக்கிற காரியமல்ல.

1925-இல் அவருடைய செல்வம் உச்சத்தைத் தொட்டது. அந்த உயர்வுக்கு ஒரு காரணம் அவருடைய கையில் இல்லை. ரப்பர் விலை விழாமல் இருக்க மலாயா, இலங்கை ஏற்றுமதிக்கு வரம்பு கட்டும் ஸ்டீவன்சன் திட்டத்தை 1922-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்திருந்தார்கள். 1925-இல் விலை எகிறியது. அவர் தொழிலை மேலும் விரித்தார். ஆனால் அந்த வரம்பு டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளைக் கட்டுப்படுத்தவில்லை. அங்கே ரப்பர் நட்டுத் தள்ளினார்கள். விலை மறுபடி சரியத் தொடங்கியது.

இந்தக் காலத்தைத்தான் நான் அதிக நேரம் படித்தேன், ஏனென்றால் இங்கேதான் அவர் தோற்றார். புதிய ரப்பர் ஆலைகள் முளைத்தன. நடத்தியவர்களில் சிலர் அவரிடமே தொழில் கற்றவர்கள். அவரிடம் வேலை பார்த்த டான் லார்க் சை தம் சகோதரர்களோடு 1925-இல் ஐக் ஹோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய மருமகனும் நிர்வாகியுமான லீ கோங் சியான் 1920-களின் இறுதியில் தனியே தொடங்கிய தொழில், பின்னர் லீ ரப்பர் என்று புகழ் பெற்றது. எந்தச் சிறு தோட்டத்தில் எப்போது ரப்பர் கிடைக்கும், எப்படிப் பதப்படுத்தினால் கழிவு குறையும், வெளிநாட்டில் யாருக்கு நேரடியாக விற்கலாம் என்பதெல்லாம் ஒரு காலத்தில் அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இப்போது அவரிடம் பயின்ற எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கோ ஊர்தோறும் கிளையின் வாடகை இல்லை, பல்கலைக்கழகச் செலவும் இல்லை. ரப்பர் ஆலையின் லாபம் தேய்ந்தது.

மறுபக்கம் காலணி. ஜப்பானிய ரப்பர் காலணிகள் மிகக் குறைந்த விலையில் வந்து குவிந்தன. அன்னாசி ஆலையில் பொதுச் சரக்கின் விலைப் போட்டியிலிருந்து விலகி நின்றவர், இப்போது எல்லாரும் செய்யும் பொதுச் சரக்கின் விலைப் போட்டிக்குள்ளேயே நின்றார். காலணி, பிஸ்கட், சவர்க்காரம், செங்கல், மருந்து என்று விரிந்து கிடந்த தொழிலில் அன்றாடக் கணக்கு முன்புபோல் அவர் கைக்குள் இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். 1928-இல் அவருடைய ரப்பர் தொழிற்சாலை தீக்கிரையானது. 1929-இல் உலகப் பொருளியல் மந்தம் தொடங்கியது. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. அவர் வங்கிகளுக்குப் பெருங்கடன் பட்டிருந்தார்.

1931-இல், வங்கிகளின் வற்புறுத்தலால் சொந்தத் தொழில் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாற்றப்பட்டது. இனி முடிவெடுப்பவர் அவர் மட்டும் அல்ல. பள்ளிச் செலவை நிறுத்து அல்லது வெட்டு என்ற நெருக்குதல் வந்தது. கணக்கு மட்டும் பார்த்தால் அது நியாயமான கோரிக்கைதான். நட்டத்தில் ஓடும் தொழில் ஒரு பல்கலைக்கழகத்தை எப்படிச் சுமக்கும்? ஆனால் அவர் இசையவில்லை. தொழிலைக் காப்பாற்றப் பள்ளிகளை மூடுவதைவிட, பள்ளிகளைக் காப்பாற்றத் தொழில் போவது மேல் என்பது அவர் நிலை. சொத்துகளை விற்றும் கடன் வாங்கியும் பல்கலைக்கழகத்துக்குப் பணம் அனுப்பினார். 1934-இல் நிறுவனம் மூடப்பட்டது.

வணிகம் படித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. அந்தப் பணத்தைச் சில ஆண்டுகள் தொழிலில் வைத்திருந்தால் பின்னர் பத்து மடங்கு கொடுத்திருக்கலாமே என்று ஒரு மனம் சொல்கிறது. அன்று மூடப்படும் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவனிடம் போய்ச் சில ஆண்டுகள் பொறுத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது என்று இன்னொரு மனம் கேட்கிறது. போட்டி உத்தி பற்றிய எங்கள் பாடநூலில் தொழில் எதற்காக நடக்கிறது என்ற கேள்வியே இல்லை. நிலைத்து நிற்கத்தான் என்று அது எடுத்துக்கொண்டுவிட்டது. இவர் வேறொன்றுக்காக நடத்தினார். நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று நண்பர்களோடு பேசிப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் இதைப் பேசி ஒரு மதிய உணவு நேரம் முழுதும் போனது.

நிறுவனம் மூடிய பின்னரும் அவர் ஓயவில்லை. 1938-இல், ஜப்பானோடு போரிட்ட சீனாவுக்கு உதவித் தென்கிழக்காசியச் சீனர்கள் அமைத்த நிவாரண நிதிச் சங்கத்துக்குத் தலைவரானார். 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது அவர் தேடப்படும் மனிதர். கிழக்கு ஜாவாவில் மாலாங் பகுதியில் மாற்றுப் பெயரில் மறைந்து வாழ்ந்தார். போருக்குப் பின் திரும்பினார், 1950-இல் சீனாவிலேயே தங்கிவிட்டார், 1961 ஆகஸ்ட் 12-இல் பெய்ஜிங்கில் காலமானார். அவரோடு போட்டியிட்ட லீ கோங் சியானும் டான் லார்க் சையும் தாங்கள் சம்பாதித்ததிலிருந்து கல்விக்குப் பெருமளவில் கொடுத்தார்கள். டான் லார்க் சை நன்யாங் பல்கலைக்கழகம் எழக் காரணமானவர். தொழிலை மட்டும் அவர்கள் அவரிடம் கற்கவில்லை போலும்.

ஜாவாவில் மறைந்திருந்த அந்த ஆண்டுகளில்தான் அவர் தம் நினைவுகளை எழுதினார். அதன் ஒரு பகுதி அவருடைய தொழிலைப் பற்றியது. எந்த நேரமும் கதவு தட்டப்படலாம் என்ற நிலையில், கணக்கேடு எதுவும் கையில் இல்லாமல், எந்த ஆண்டு எதில் எவ்வளவு லாபம் வந்தது, பின்னர் எதில் எவ்வளவு போனது, வங்கி வட்டிக்கு எவ்வளவு, பள்ளிகளுக்கு எவ்வளவு என்று அத்தனையையும் நினைவிலிருந்தே எழுதினார். 1926-க்குப் பிந்தைய நட்டங்களையும் மறைக்கவில்லை.

போன மாதம் மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது இதைச் சொன்னேன். மாமா இப்போது ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். எதிர்க் கடை விலைக்கு இறங்கச் சொன்னது எங்கள் தவறு, வாழை இலையையும் மல்லிகையையும் பார்த்திருக்க வேண்டும் என்று, ஆண்டுகள் கழித்து, ஒருவழியாக அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய 555 புத்தகங்கள் நான்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கடன் கொடுத்த கணக்கு. நான் அவற்றைப் பார்த்ததே இல்லை, ஒப்படைப்பு எழுதிய அந்த மூன்று மாதமும் அவை கல்லாவுக்கு அடியிலேயே இருந்திருக்கின்றன. பன்னிரண்டாம் மாடிப் பாட்டியின் பக்கத்தில், வெள்ளிக்கிழமை தோறும், இலை இரண்டு, பூ ஒரு முழம், வெற்றிலை ஒரு கட்டு என்று மாமாவின் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. கடைசி வரிக்கு நேரே மட்டும் தொகை அடிக்கப்படவில்லை. அது வரவேண்டிய பாக்கியா என்று கேட்டேன். பாட்டி போன வாரத்து இலைக் கணக்கு அது என்றார் மாமா, புத்தகத்தை மூடிக்கொண்டே.